உடன்படிக்கையா, மரண சாசனமா?



நம் கடைத்தெருவில் யூதரையும் கிறிஸ்தவரையும் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். யூதராவது பிறப்பால், கிறிஸ்தவராவது நம்பிக்கையால்; முன்னது ஜாதி, பின்னது மதம் என்பார்கள். இது பாதி உண்மை. பாதி சரக்கைப் பார்த்துவிட்டு முழு மூட்டைக்கும் விலை பேசுகிறவர் என்ன ஆவார் என்பதை வியாபாரப் பெருமக்களாகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மீதிப் பாதியையும் சற்று அவிழ்த்துப் பார்ப்பதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

நாம் புழங்குகிற பத்திரங்களில் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று கூட்டு வியாபார ஒப்பந்தம். இரு தரப்பாரும் உட்கார்ந்து பேசி, ஷரத்துக்களை எழுதி, இருவருமே கையொப்பமிடுவது. ஒருவர் மீறினால் மற்றவர் கேட்கலாம். மற்றொன்று மரண சாசனம். இதில் எழுதுகிறவர் கையொப்பம் போதும். பெறுகிறவர் பேரம் பேச இடமில்லை. எழுதியவர் மரித்த பிறகே அது அமலுக்கு வரும். அதில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பாத்தியஸ்தர். (நம் வஸிய்யத்துக்கு மூன்றிலொரு பங்கு என்ற வரம்பு உண்டு, இங்கே பொதுவாகச் சாசனம் என்பதைச் சொல்கிறேன்.) யூதரும் கிறிஸ்தவரும் கையில் வைத்திருப்பது ஒரே பத்திரந்தான். அது இந்த இரண்டில் எந்த வகை என்பதில்தான், சுருங்கச் சொன்னால், இரண்டாயிரம் ஆண்டு வழக்கு நடக்கிறது. 'நாம் யார்?' என்ற கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதில் இந்த வழக்கின் தீர்ப்பைப் பொறுத்தது.

அந்தப் பத்திரத்துக்கு எபிரேய மொழியில் 'பெரித்' என்று பெயர். திருக்குர்ஆனில் பனூ இஸ்ராயீல்களைப் பற்றி வருமிடங்களில் 'அஹ்து' என்றும் 'மீஸாக்' என்றும் நாம் ஓதுகிறோமே, பொருளால் அவற்றுக்கு நெருங்கிய சொல் இது. எபிரேயத்தில் உடன்படிக்கையை 'எழுதுவது' இல்லை, 'வெட்டுவது' என்பதே வழக்கு. காரணம், ஆதியாகமத்தின் 15ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இப்ராஹீம் நபி (அலை) மூன்று வயதுக் கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா ஆகியவற்றை இரண்டாகப் பிளந்து எதிரெதிரே வைக்கிறார். இருட்டிய பின் புகையும் சூளையும் தீப்பந்தமும் அத்துண்டுகளின் நடுவே கடந்து செல்கின்றன. வாக்குத் தவறினால் தனக்கும் இந்தக் கதியே என்று ஒப்புக்கொள்வது போன்ற சடங்கு இது. எரேமியாவின் ஆகமத்திலும் இதன் சாயல் உண்டு. கவனிக்க வேண்டியது யாதெனில், துண்டுகளின் நடுவே மனிதர் நடக்கவில்லை. கையொப்பம் ஒரு பக்கத்தில்தான் விழுகிறது. கிறிஸ்தவர்கள் பிற்காலத்தில் சொன்ன வாதத்துக்கு வித்து இங்கே கிடக்கிறது.

இரண்டு அதிகாரம் தள்ளிப் பார்த்தால் படம் மாறுகிறது. அங்கே மனிதர் பக்கத்திலும் ஒரு கடமை வருகிறது. அதுதான் கத்னா, தமிழ் பைபிளில் விருத்தசேதனம் என்பார்கள். அப்போது இப்ராஹீம் நபிக்கு வயது 99, இஸ்மாயீல் நபிக்கு 13. இருவருக்கும் ஒரே நாளில் நடந்தது என்கிறது அந்நூல். பின்னர் பிறந்த இஸ்ஹாக் நபிக்கு எட்டாம் நாள். ஆதியாகமம் உடன்படிக்கையை இஸ்ஹாக் வழியில் நிறுத்தி, இஸ்மாயீலுக்குப் பன்னிரு பிரபுக்களும் பெரிய சமுதாயமும் உண்டாகும் என்று வாழ்த்தை மட்டும் தருகிறது. இவ்விஷயத்தில் நம் கொள்கை வேறு. அதை இங்கே வழக்காட வரவில்லை. முதல் நூற்றாண்டு யூத சரித்திர ஆசிரியர் ஜோசிபஸ், அரபிகள் தம் மூதாதை இஸ்மாயீலை ஒட்டிப் பதின்மூன்றாம் வயதில் கத்னா செய்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். ஆக, ஒரே அடையாளம். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே என்ற சிக்கல் அந்நூலில் முதல் நாளிலேயே இருக்கிறது.

இன்னொன்றும் அதே அதிகாரத்தில் உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டில் பிறந்தவருக்கு மட்டுமல்ல, அந்நியரிடமிருந்து விலைக்கு வாங்கிய அடிமைக்கும் அந்த அடையாளம் போடப்பட வேண்டும் என்பது கட்டளை. அதாவது, இரத்த சம்பந்தம் இல்லாதவரும் முதல் நாளிலேயே உடன்படிக்கைக்குள் நிற்கிறார். 'யூதராவது பிறப்பால்' என்ற வாக்கியம் இங்கேயே ஆட்டம் காண்கிறது.

மூஸா நபி (அலை) காலத்து சீனாய் மலை உடன்படிக்கையில்தான் இரு தரப்புக் கையொப்பம் தெளிவாக விழுகிறது. யாத்திராகமம் 24ஆம் அதிகாரத்தில், உடன்படிக்கை நூல் மக்கள் காதில் பட வாசிக்கப்படுகிறது. நடப்போம் என்று மக்கள் ஒருமித்துச் சொல்கிறார்கள். பலியின் இரத்தத்தில் பாதி பலிபீடத்தின் மேலும் பாதி மக்கள் மேலும் தெளிக்கப்படுகிறது. இதைப் புரிந்துகொள்ளப் புதைபொருள் ஆராய்ச்சி நமக்குப் பெரிய உதவி செய்திருக்கிறது. இன்றைய துருக்கியில் ஹிட்டைட்டு ராஜ்யத்தின் தலைநகராயிருந்த ஹத்தூசாவில் 1906 முதல் தோண்டியெடுத்த களிமண் பலகைகளில் பேரரசர்கள் சிற்றரசர்களோடு செய்த ஒப்பந்தங்கள் கிடைத்தன. அவற்றுக்கு ஒரு கட்டுக்கோப்பு உண்டு. முதலில் பேரரசரின் பெயர், பிறகு அவர் செய்த உபகாரங்கள், பிறகு ஷரத்துக்கள், பத்திரத்தைக் கோயிலில் வைத்துக் குறித்த காலத்தில் வாசிக்க வேண்டும் என்ற விதி, சாட்சிகள், இறுதியில் மீறினால் சாபம், நடந்தால் ஆசி. அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் மெண்டன்ஹால் 1954ல் இக்கட்டுக்கோப்பையும் தவ்ராத்தின் உடன்படிக்கைப் பகுதிகளையும் ஒப்பிட்டு எழுதினார். மறு ஆண்டே ஈராக்கின் நிம்ரூதில் அசீரிய மன்னர் எசர்ஹத்தோன் கி.மு. 672ல் எழுதுவித்த ஒப்பந்தப் பலகைகள் கிடைத்தன. அவற்றிலுள்ள சாபங்களும் உபாகமம் 28ஆம் அதிகாரத்துச் சாபங்களும் ஒரே கிளையில் காய்த்தவை போல இருக்கின்றன. வானம் வெண்கலமாகும், நிலம் இரும்பாகும் என்பது இரண்டிலும் வருகிறது.

அக்காலத்து மனிதருக்கு ஒப்பந்தம் என்பது வெறும் மதக் கருத்தல்ல. யாருக்கு வரி கட்டுகிறோம், யாருக்காகப் போருக்குப் போகிறோம், யாருடைய ஆள் நாம் என்பதெல்லாம் அந்தப் பத்திரத்தில் இருந்தது. இஸ்ராயீல் மக்கள் அதே பத்திர முறையை எடுத்து, பேரரசர் இருந்த இடத்தில் இறைவனை வைத்தார்கள். எனவே ஓய்வுநாளை அனுசரிப்பது, உணவு விதிகளைப் பேணுவது, எட்டாம் நாள் கத்னா எல்லாம் அவர்களுக்கு வெறும் ஆசாரங்களல்ல. ஒப்பந்தம் உயிரோடிருக்கிறது என்பதற்குச் சாட்சிகள்.

அந்தச் சாட்சியை அழிக்க முயன்றவர்களும் உண்டு. கி.மு. 167ல் சிரியாவை ஆண்ட கிரேக்க மன்னர் நான்காம் அந்தியோக்கு கத்னாவையும் ஓய்வுநாளையும் தடை செய்தார். பிள்ளைகளுக்குக் கத்னா செய்வித்த தாய்மார்கள் கொல்லப்பட்டதாக மக்கபேயர் ஆகமம் கூறுகிறது. அதற்குச் சற்று முன்பே ஜெருசலத்தில் கிரேக்க முறைத் தேகப்பயிற்சிக்கூடம் ஒன்று கட்டப்பட்டது. அங்கே உடையின்றிப் பயில வேண்டும். வெட்கப்பட்ட யூத வாலிபர் சிலர் கத்னாவின் சுவட்டையே மறைத்துக்கொண்டனர். அதை அந்நூல் பரிசுத்த உடன்படிக்கையைக் கைவிட்டதாகக் கணக்கெழுதுகிறது. உடம்பிலுள்ள ஒரு சிறு தழும்பு அரசாங்கத்துக்கும் சமயத்துக்கும் இடையே போர் மூட்டுகிறது. இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2012ஆம் ஆண்டு மே மாதம் ஜெர்மனியில் கொலோன் நகர நீதிமன்றம், நான்கு வயது முஸ்லிம் பாலகன் ஒருவனின் விஷயத்தில், மருத்துவக் காரணமில்லாத கத்னா உடற்காயம் ஏற்படுத்தும் குற்றமே என்று தீர்ப்புக் கூறிற்று. வழக்கில் யூதர் எவரும் இல்லை. ஆனாலும் யூதர்களும் முஸ்லிம்களும் சேர்ந்தே குரலெழுப்பினர். அவ்வாண்டு டிசம்பரில் ஜெர்மன் பாராளுமன்றம் கத்னாவை அனுமதித்துச் சட்டம் இயற்றிற்று.

இப்போது பெயர் மாற்றத்துக்கு வருவோம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டு முதல் எகிப்தின் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த யூதர்கள் தங்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தார்கள். 'பெரித்' என்பதற்கு என்ன சொல் போடுவது? கிரேக்கத்தில் ஒப்பந்தத்துக்குச் சாதாரணமாக 'சுந்தேகே' என்பார்கள். இரு தரப்பும் சேர்ந்து செய்வது என்ற கருத்து அச்சொல்லிலேயே உண்டு. இறைவனும் மனிதனும் சமதரப்பாராவதா என்று தயங்கினார்கள் போலும். அதை விட்டு 'தியதேகே' என்ற சொல்லை எடுத்தார்கள். ஒருவர் தம் விருப்பப்படி செய்யும் ஏற்பாடு என்பது அதன் பொருள். அன்றாடக் கிரேக்க வழக்கிலோ அது மரண சாசனத்தைக் குறித்தது! மரியாதை கருதிச் செய்த இந்த ஒரு மாற்றம் பின்னால் எவ்வளவு தூரம் போயிற்று என்பதைப் பாருங்கள். லத்தீனில் அது 'தெஸ்தமெந்தும்' ஆயிற்று. அதுவும் மரண சாசனமே. தமிழிலோ நூலின் அட்டையில் 'ஏற்பாடு' என்றும், உள்ளே 'உடன்படிக்கை' என்றும், எபிரேயர் நிருபம் 9ஆம் அதிகாரத்தில் 'மரணசாசனம்' என்றும் மூன்று சொற்கள் வருகின்றன. கிரேக்கத்தில் மூன்றும் ஒரே சொல். தமிழில் பெயர்த்தவர்கள் விஷயந் தெரிந்தவர்கள். அந்த இடத்தில் வேறு வழியில்லை. ஏனெனில், சாசனம் எழுதியவர் மரித்தாலன்றி அது செல்லாது என்று அந்நிருபம் வாதிடுகிறது. ஈஸா நபி (அலை) சிலுவையில் மரித்ததாகக் கிறிஸ்தவர்கள் கொள்வதால், அந்த மரணத்தோடு சாசனம் திறக்கப்பட்டது என்பது அவர்கள் கணக்கு. சிலுவை மரணத்தை நாம் ஏற்பதில்லை என்பது வாசகர் அறிந்ததே. அவர்கள் கணக்கை அவர்கள் பேரேட்டிலேயே வாசிக்கிறோம்.

யூதர்கள் இதைக் கவனியாமலில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அக்கிலா என்ற யூதர் வேதத்தை மறுபடியும் கிரேக்கத்தில் பெயர்த்தபோது 'தியதேகே'யைத் தள்ளி, 'சுந்தேகே'யையே போட்டார். பத்திரத்தைப் பழையபடி இரு தரப்பு ஒப்பந்தமாக்கிவிட்டார்! இவர் பிறப்பால் யூதரல்லர், சமயத்தில் சேர்ந்தவர் என்பது மரபு.

'புதிய உடன்படிக்கை' என்ற சொல்லையும் கிறிஸ்தவர்கள் புதிதாக உண்டாக்கவில்லை. கி.மு. 587 வாக்கில் ஜெருசலம் பாபிலோனியரிடம் வீழ்ந்த நாட்களில் வாழ்ந்த எரேமியா, இனி வரும் உடன்படிக்கை கல்லில் அல்ல, உள்ளத்தில் எழுதப்படும் என்று அறிவித்தார். சாக்கடல் அருகே 1947ல் வெளிப்படத் தொடங்கிய சுருள்களால் நாம் அறிவது, ஈஸா நபிக்கு முன்பே யூதர்களில் ஒரு கூட்டத்தார் அந்தப் புதிய உடன்படிக்கைக்குத் தாங்களே உரியவர்கள் என்று கொண்டு, ஆண்டுதோறும் சடங்கு நடத்தி அதில் சேர்ந்தார்கள் என்பது. மற்ற யூதர்கள் அவர்கள் கணக்கில் வெளியாட்கள். ஆகவே, யார் உள்ளே, யார் வெளியே என்பது யூதருக்கும் பிறருக்கும் இடையில் மட்டுமல்ல, யூதருக்குள்ளேயே இருந்த வழக்கு. ஆரம்பத்தில் ஈஸா நபியைப் பின்பற்றியவர்களும் யூதர்களே என்பதை மறக்கலாகாது.

வழக்கு வெடித்தது பந்தியில். அந்தியோக்கியா பட்டணத்தில் யூத விசுவாசிகளும் யூதரல்லாத விசுவாசிகளும் ஒன்றாக உட்கார்ந்து உண்டார்கள். ஜெருசலத்திலிருந்து சிலர் வந்ததும் பேதுரு எழுந்து தனியே போய்விட்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். கலாத்தியர் நிருபத்தில் பவுலே இதை எழுதியிருக்கிறார். ஒரே ஸஹனில் நால்வர் உட்கார்ந்து உண்கிற வழக்கமுள்ள நமக்கு இதன் சூடு உடனே தெரியும். கந்தூரிப் பந்தியில் ஒருவர் எழுந்து வேறு பாயில் போய் உட்கார்ந்தால் அது உணவு விஷயமாகவா இருக்கும்?

கி.பி. 49 வாக்கில் ஜெருசலத்தில் கூடிய ஆலோசனையின் முடிவை அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரம் தருகிறது. யூதரல்லாதவர் சேர்வதற்குக் கத்னா வேண்டியதில்லை. சிலைகளுக்குப் படைத்தது, இரத்தம், நெரித்துக் கொன்றது, விபசாரம் ஆகியவற்றை மட்டும் விலக்கினால் போதும். முதல் மூன்றும் நம் வீட்டுச் சமையலறையிலும் விலக்கப்பட்டவையே. பிற்காலத்தில் பெரும்பாலான சபைகள் அவற்றையும் கைவிட்டன.

பவுலின் வாதமோ ஒரு வக்கீலின் வாதம். உறுதி செய்யப்பட்ட சாசனத்தைப் பின்னால் வந்த பத்திரம் தள்ளிவிட முடியாது. இப்ராஹீமுக்கு வாக்களித்தது முந்தியது. மூஸாவின் நியாயப்பிரமாணம் 430 ஆண்டு கழித்து வந்தது. பிந்தியது முந்தியதை ரத்துச் செய்யாது என்கிறார். 'சந்ததி' என்ற சொல் ஒருமையில் இருக்கிறது, பன்மையில் இல்லை. ஆகவே அது ஒரே வாரிசைக் குறிக்கும் என்றும் ஷரத்தைப் பிரித்துக் காட்டுகிறார். எபிரேயத்தில் அச்சொல் ஒருமை வடிவிலேயே பலரையும் குறிக்கும் என்பதால், இந்த வாதம் எனக்குக் கொஞ்சம் இழுத்த வாதமாகவே படுகிறது. முதல் வாதம் பலமானது. திருக்குர்ஆனிலும் இப்ராஹீம் நபியைப் பற்றி வேதக்காரர் தர்க்கிப்பதைக் கண்டிக்கும்போது (ஆலு இம்ரான் 65), தவ்ராத்தும் இன்ஜீலும் அவருக்குப் பின்னரே இறங்கியவை என்ற காலக்கணக்கு எடுத்துக்காட்டப்படுவதை வாசகர்கள் நினைவுகூரலாம். முடிவு வேறு, ஆனால் மூவரும் வந்து நிற்கிற வாசல் இப்ராஹீம் நபியின் வாசல்தான்.

அந்த வாசலில் நின்றவர்களில் மூன்றாம் வகையார் உண்டு. இவர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் வியாபாரிகளுக்கான பாடமாகாது. துருக்கியில் அப்ரோதிசியாஸ் என்ற பழைய பட்டணத்தில் 1976ல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. யூதர்களின் அறநிலையம் ஒன்றுக்கு உதவியவர்களின் பெயர்ப்பட்டியல் அது. காலம் மூன்றாம் நூற்றாண்டு என்று சிலரும், நான்கு அல்லது ஐந்தாம் நூற்றாண்டு என்று சிலரும் கணிக்கிறார்கள். அதில் யூதர்கள் ஒரு வகை. சமயத்தில் சேர்ந்தவர்கள் என்று மூவர். 'தெய்வபயமுள்ளோர்' என்று ஐம்பதுக்கும் மேற்பட்டோர். கடைசி வகையார் யூதராகவில்லை, கத்னா செய்துகொள்ளவில்லை. ஆயினும் ஜெபாலயத்தோடு ஒட்டி வாழ்ந்தவர்கள். அந்தக் கல்லில் பலருடைய பெயரோடு தொழிலும் இருக்கிறது. பொற்கொல்லர், கன்னார், தச்சர் என்று ஒரு கடைத்தெருவே தெரிகிறது. நகரசபை அங்கத்தினர்களும் இருக்கிறார்கள். பத்திரத்தில் கையொப்பமிடாமல், கடையோடு நாணயமாகக் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த வாடிக்கைக்காரர்கள் என்று இவர்களைச் சொல்லலாம். கிறிஸ்தவம் ரோம ராஜ்யத்தில் முதன்முதல் பரவியபோது, இத்தகையோரிடமே எளிதாகப் பரவிற்று என்பது பல அறிஞர்களின் கருத்து. உள்ளே வர விரும்பியும் கத்னாவுக்கும் நூற்றுக்கணக்கான விதிகளுக்கும் தயங்கி நின்றவர்க்கு ஞானஸ்நானம் என்ற வேறொரு வாசல் திறந்தது. அது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக இருந்தது.

யூதம் ஏன் அந்த வாசற்படியில் நின்றவர்களையெல்லாம் அழைத்துக்கொள்ளவில்லை? சேர வந்தவரைச் சேர்க்கும் முறை அவர்களிடம் என்றுமே உண்டு: கட்டளைகளை ஏற்றல், ஆணுக்குக் கத்னா, நீரில் முழுகல். மோவாபியப் பெண்ணான ரூத் அப்படி வந்தவர்தாம். தாவூத் நபியின் (அலை) முப்பாட்டி என்று அவர்கள் நூல் கூறுகிறது. ஆனால் சட்டம் குறுக்கே வந்தது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமச் சக்கரவர்த்தி அந்தோனினுஸ் பியுஸ், யூதர் தம் சொந்தப் பிள்ளைகளுக்கு மட்டுமே கத்னா செய்யலாம், பிறருக்குச் செய்தால் தண்டனை என்று ஆணையிட்டார். நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்தவச் சக்கரவர்த்திகள் யூதத்துக்கு மாறுவதைக் குற்றமாக்கினர். பிறப்பால் மட்டுமே வரக்கூடிய சமயம் என்று உலகம் யூதத்தைப் பார்ப்பதற்கு, பிறர் போட்ட பூட்டும் ஒரு காரணம். கதவைப் பூட்டிவிட்டு, 'இவர்கள் யாரையும் உள்ளே விடுவதில்லை' என்று சொல்வது என்ன நியாயமோ தெரியவில்லை.

உள்ளே வந்தவரின் நிலை பற்றி ஓர் அழகான கேள்வி எழுந்தது. சேர்ந்தவர் துஆவில் 'எங்கள் பிதாக்களின் இறைவனே' என்று சொல்லலாமா? அவருடைய பிதாக்கள் வேறல்லவா? பழைய மிஷ்னா, சொல்லக்கூடாது என்றது. மிஸ்ரில் வாழ்ந்து 1204ல் காலமான மாமேதை இப்னு மைமூன், ஒபதியா என்ற புதியவருக்கு எழுதிய கடிதத்தில், தாராளமாகச் சொல்லலாம் என்று தீர்ப்பளித்தார். இப்ராஹீமின் வழியை ஏற்றவர்க்கெல்லாம் இப்ராஹீமே தகப்பன் என்பது அவர் தந்த காரணம். சிங்கப்பூரில் நம் பென்கூலன் தெருப் பள்ளிவாசலுக்கு அண்மையில், வாட்டர்லூ தெருவில் 1878ல் திறந்த யூத ஜெபாலயத்தின் பெயர் 'மகேன் அபோத்'. 'பிதாக்களின் கேடயம்' என்பது அதன் பொருள். அவ்வழியே போகிற நம்மவர்கள் அப்பெயரில் இவ்வளவு வழக்கு அடங்கியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கிறிஸ்தவப் பக்கத்துக்குத் திரும்புவோம். சாசனம் புதிது என்றால் பழைய பத்திரத்தை என்ன செய்வது? 144 வாக்கில் ரோமில் மார்சியோன் என்பவர், யூத வேதத்தை அடியோடு எறிந்துவிடுங்கள் என்றார். இவர் கப்பல் தொழிலில் பணம் சேர்த்தவர் என்பது செய்தி. சபை மறுத்தது, அவர் நன்கொடையாகக் கொடுத்திருந்த பெருந்தொகையையும் திருப்பிக் கொடுத்து வெளியேற்றியது. சபை பழையதை வைத்துக்கொண்டது. ஆனால் அதன் உரிமையாளர் மாறிவிட்டார் என்று சொல்லத் தொடங்கியது. 160 வாக்கில் யுஸ்தீன் என்ற ஆசிரியர், மெய்யான இஸ்ராயீல் நாங்களே என்று எழுதினார். பவுல் தம் ரோமர் நிருபத்தில் ஒலிவமரத்தில் ஒட்டவைத்த கிளை வேரின்மேல் பெருமை பாராட்டக்கூடாது என்று எச்சரித்திருந்தது மறக்கப்பட்டது. இதன் விலையைப் பல நூற்றாண்டுகள் யூதர்கள் கொடுத்தார்கள்.

எல்லாவற்றிலும் வியப்பானது ஸ்பெயினில் நடந்தது. 1391ல் பல்லாயிரம் யூதர்கள் வன்முறைக்கஞ்சி ஞானஸ்நானம் பெற்றார்கள். நம்பிக்கையே அடையாளம், பிறப்பல்ல என்ற கொள்கைப்படி அவர்கள் முழுக் கிறிஸ்தவர்கள். ஆனால் 1449ல் தொலேதோ நகரம், யூத இரத்தமுள்ளவர் ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும் பதவிக்கு ஆகார் என்று விதி செய்தது. போப் ஐந்தாம் நிக்கோலாஸ் அவ்வாண்டே அதைக் கண்டித்தார். இருந்தும் 1547ல் அந்நகரத் தலைமைக் கோயிலே 'இரத்த சுத்தி' விதியை ஏற்றது. 1609 முதல் 1614 வரை சுமார் 3 லட்சம் மொரிஸ்கோக்கள், அதாவது ஞானஸ்நானம் பெறுவிக்கப்பட்ட முஸ்லிம்களின் சந்ததியார், நாடு கடத்தப்பட்டனர். அவர்களும் சட்டப்படி கிறிஸ்தவர்களே. நம்பிக்கையால் வருவது என்ற சமயம் இரத்தத்தைச் சோதித்தது. இரத்தத்தால் வருவது என்று பேர்பெற்ற சமயமோ புதியவரை இப்ராஹீமின் பிள்ளை என்றது.

கத்தோலிக்க சபை தன் கணக்கைத் திருத்தியது மிகச் சமீபத்தில்தான். 1965 அக்டோபர் 28ல் வத்திக்கான் சங்கம் யூதர், முஸ்லிம்கள் முதலியோரைப் பற்றிய பிரகடனத்தை வெளியிட்டது. 1980ல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் போப் இரண்டாம் ஜான்பால், யூதரோடு செய்த உடன்படிக்கையை இறைவன் ரத்துச் செய்யவில்லை என்ற கருத்தைச் சொன்னார். 2015ல் வத்திக்கான் ஆணைக்குழு அதை விரித்து எழுதியது. அப்படியானால் இரண்டு உடன்படிக்கைகளா, ஒன்றா? அவ்வறிக்கை இரண்டு வழிகள் என்பதை ஏற்கவில்லை. ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தும் என்பதை இறைவனின் இரகசியமென்று விட்டுவிட்டது.

1962ல் இஸ்ரேல் உயர்நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு இவ்வளவையும் ஒரே மனிதரில் காட்டுகிறது. ஆஸ்வால்ட் ரூபைசன் போலந்தில் 1922ல் பிறந்த யூதர். நாஜிகள் காலத்தில் தம் பிறப்பை மறைத்து மீர் என்ற ஊரில் போலீசாருக்கு மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து, 1942ல் அவ்வூர் யூதர்களை அழிக்கப் போகும் நாளை முன்கூட்டியே தெரிவித்து, நூற்றுக்கணக்கானோர் காட்டுக்குத் தப்ப வழி செய்தார். பிறகு கன்னிமடம் ஒன்றில் ஒளிந்திருந்தபோது கிறிஸ்தவரானார். போருக்குப் பின் கார்மேல் சபைத் துறவியாகி, சகோதரர் டேனியல் என்று பெயர் பெற்றார். 1959ல் இஸ்ரேல் சென்று, 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி யூதருக்குரிய குடியுரிமை கேட்டார். சமயத்தால் கத்தோலிக்கன், பிறப்பால் யூதன் என்பது அவர் வாதம்.

நீதிபதிகள் சங்கடத்தில் ஆழ்ந்தனர். யூத மார்க்கச் சட்டத்தின்படி, பாவம் செய்தாலும் இஸ்ராயீலன் இஸ்ராயீலனே. உடன்படிக்கையிலிருந்து விலக வழியில்லை. ஆகவே மார்க்கப்படி டேனியல் யூதர்தாம் என்று நீதிபதி சில்பர்க் ஒப்புக்கொண்டார். ஆனால் நாட்டுச் சட்டத்திலுள்ள 'யூதர்' என்ற சொல்லைச் சாதாரண யூத ஜனங்கள் வழங்கும் பொருளில்தான் கொள்ள வேண்டும்; கிறிஸ்தவத் துறவியை யூதர் என்று அவர்கள் சொல்லமாட்டார்கள் என்று தீர்த்தார். நால்வர் மறுத்தனர், நீதிபதி ஹைம் கோன் ஒருவர் மட்டும் டேனியல் பக்கம் நின்றார். 1970ல் சட்டம் திருத்தப்பட்டு, யூதத் தாய்க்குப் பிறந்தவர் அல்லது யூதத்தில் சேர்ந்தவர், வேறு சமயத்தைச் சாராதவர் என்று ஷரத்து எழுதப்பட்டது.

டேனியல் பின்னர் மற்ற எந்த அந்நியரையும் போல் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றார். ஹைஃபாவில் கார்மேல் மலை மடத்தில் வாழ்ந்து, ஒரு சிறு கத்தோலிக்கச் சபைக்கு எபிரேய மொழியிலேயே பூசை நடத்தி வந்தார். 1998ல் அங்கேயே காலமானார்.